ஸ்டிக்கர் போச்சு... பசை போகலையே!

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவர் அவர். கோவைக்குப் போய் ஒரு பழைய ஹேட்ச்பேக் காரை வாங்கி வந்தார். எஞ்சின் நன்றாக இருந்தது. டயர்கள் பரவாயில்லை. விலையும் கட்டுப்படியானது. ஒரே குறை, கண்ணாடிகள்.

முன்கண்ணாடியில் பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக், அதன் கீழே ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங் ஸ்டிக்கர்கள் வருடவாரியாக. பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் முத்திரை. பின்கண்ணாடிதான் பெரிய தலைவலி. அதன் உட்புறத்தில் ஒரு காலத்தில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்திருக்கிறார்கள். யாரோ அதைப் பாதி உரித்து, மீதியை அப்படியே விட்டிருந்தார்கள். உரித்த இடமெல்லாம் பசை. பசைமேல் தூசு. தூசுமேல் நாய் முடி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். கையில் ஷேவிங் பிளேடு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர். மதியத்துக்குள் பின்கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. மனைவியை அழைத்துக் காட்டினார். அவரும் பாராட்டினார்.

இரண்டு நாள் கழித்து மாலையில் மூடுபனி இறங்கியது. மகளை டியூஷனிலிருந்து அழைத்துவர மனைவி காரை எடுத்தார். பின்கண்ணாடி மங்கியிருந்ததால் டீஃபாகர் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடத்தில் கண்ணாடியின் மேல்பகுதி தெளிந்தது, கீழ்ப்பகுதியும் கொஞ்சம் தெளிந்தது. நடுவில், சரியாக ரியர்வியூ மிரரில் தெரியும் இடத்தில், ஓர் அகலமான பனிப்பட்டை அப்படியே நின்றது. காத்திருந்து பார்த்துவிட்டு மெதுவாக ரிவர்ஸ் எடுத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர், "அம்மா, நில்லும்மா, நில்லு!" என்று கத்தினார். சரிவில் நிறுத்தியிருந்த அவருடைய ஸ்கூட்டருக்கும் காருக்கும் ஒரு சாண் இடைவெளி. ஸ்கூட்டரில் பேரன் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காரைப் பார்த்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கேட்ட முதல் கேள்வி: "சார், உள்பக்கமா பிளேடு போட்டீங்களா?"

அந்தக் கோடுகள் அலங்காரத்துக்கு இல்லை

பின்கண்ணாடியில் குறுக்காக ஓடும் மெல்லிய பழுப்புக் கோடுகளைப் பலரும் டிசைன் என்று நினைக்கிறார்கள். அவைதான் டீஃபாகர். வெள்ளித் துகளையும் கண்ணாடித் தூளையும் குழைத்த கலவையைக் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சடித்து, சூடேற்றிப் பதித்திருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் பேட்டரி மின்சாரம் அந்தக் கோடுகள் வழியே ஓடும். கோடுகள் சூடாகும். ஈரம் ஆவியாகும். ஒவ்வொரு கோடும் தனித்தனிப் பாதை. ஒரு கோடு மயிரிழை அளவுக்கு அறுந்தாலும் அந்தக் கோடு முழுவதும் வேலை செய்யாது. மற்ற கோடுகள் பாட்டுக்கு எரியும். குன்னூர் காரில் மூன்று கோடுகள் அறுந்திருந்தன, அதுவும் அடுத்தடுத்த மூன்று.

சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு மழைக்காலம் தவிர இந்தப் பொத்தானின் நினைவே வராது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது இருக்கவும் இருக்காது. மலையில் அப்படியில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் சாலையில் பனி இறங்கிவிட்டால் பின்னால் வரும் பஸ்ஸைக் காட்டுவது இந்தக் கோடுகள்தான்.

ஆகவே முதல் வேலை, ஸ்டிக்கர் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. வெளியே நின்று நகத்தால் வருடினால் தெரிந்துவிடும். விளிம்பு தட்டினால் வெளிப்புறம். வழுவழுவென்று போனால் உட்புறம். பின்கண்ணாடியின் உட்புறம் என்றால் பிளேடையும் கம்பி நாரையும் வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். ரேடியோ ஆன்டெனாவையும் சில கார்களில் அதே கண்ணாடியில் கோடாகப் பதித்திருப்பார்கள். அது அறுந்தால் எஃப்.எம். கரகரக்கும்.

தண்ணீருக்கு ஏன் மசிவதில்லை?

மைதாப் பசையில் ஒட்டிய சுவரொட்டி மழைக்கு ஊறி விழுந்துவிடுகிறது. கார் ஸ்டிக்கர் பத்து மழைக்காலம் பார்த்தாலும் அசையாமல் இருக்கிறது. இரண்டு பசைகளும் வேறு வேறு. மைதாவோ ஃபெவிகாலோ உலர்ந்து இறுகித்தான் ஒட்டும். ஸ்டிக்கரின் பசை உலரவே உலராது. அழுத்தினால் ஒட்டும் ரகம் அது. தேனைவிடப் பல மடங்கு கெட்டியான ஒரு திரவம் என்று வைத்துக்கொள்ளலாம். அழுத்தும்போது கண்ணாடியின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் பரவிப் பிடித்துக்கொள்ளும். பின்தாளை உரித்து ஒட்டும் லேபிளை அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி 1935-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று ஆப்பிள் பழத்தில் இருப்பதுவரை எல்லாமே அதன் வாரிசுகள்தான்.

இந்தப் பசைகள் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது ரப்பர் வகை. தண்ணீருடன் சேராது, எண்ணெயுடன் சேரும். அதனால்தான் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினாலும் நகராத பசை, நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு இளகிவிடுகிறது. வெயில் இதைக் கெடுத்துவிடும். வருடக்கணக்கில் காய்ந்த ஸ்டிக்கரின் மேல்தாள் பொரிந்து நொறுங்கும். பசையும் இறுகி, பிசின்போல் ஆகிவிடும். புது ஸ்டிக்கர் ஒரே இழுப்பில் வருவதும், ஐந்து வருட ஸ்டிக்கர் நகம் நகமாக வருவதும் இதனால்தான்.

அவசரப்பட்டால் இரண்டு மடங்கு வேலை

ஸ்டிக்கரை இழுத்துக் கிழித்துவிட்டுப் பசையுடன் மல்லுக்கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது. உரிக்கும்போதே பொறுமையாக இருந்தால் பசையில் பெரும்பகுதி ஸ்டிக்கருடனேயே வந்துவிடும்.

முதலில் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். பசையைக் கரைப்பதற்கு அல்ல, மணலைப் போக்குவதற்கு. கண்ணாடியில் கீறல் விழுவதற்குப் பிளேடு மட்டுமே காரணமில்லை. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில் இருக்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், அது ஆயுளுக்கும் மறையாத கோட்டைப் போட்டுவிடும். கழுவாத கண்ணாடியை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாலும் இதே கதைதான்.

அடுத்தது சூடு. ஹேர் டிரையர் இருந்தால் நல்லது. ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஸ்டிக்கர் முழுக்க முன்னும் பின்னுமாக ஒரு நிமிடம் காட்டினால் பசை இளகும். சமவெளிக்காரர்களுக்கு டிரையரும் வேண்டாம். அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தினாலே போதும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றும் யோசனையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் திடீர்ச் சூடு பட்டால், ஏற்கெனவே சின்ன விரிசல் இருக்கிற முன்கண்ணாடியில் அந்த விரிசல் ஓட ஆரம்பித்துவிடும்.

இளகியதும் ஒரு மூலையைப் பழைய ஏ.டி.எம். கார்டால் தூக்கி, ஸ்டிக்கரைக் கண்ணாடிக்குப் படுக்கைவாக்கில், தன்மேலேயே மடித்து வருவதுபோல் மெதுவாக இழுக்க வேண்டும். நேராக வெளியே இழுத்தால் தாள் கிழியும். எங்காவது நின்றால் மறுபடி சூடு, மறுபடி இழுப்பு.

குன்னூர் காரில் இருந்ததுபோல் ஃபிலிம் முழுசாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. வெளிப்புறக் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, கறுப்புப் பாலிதீன் குப்பைப்பையை விரித்து ஒட்டி, காரை ஒரு மணி நேரம் வெயிலில் விட வேண்டும். கறுப்பு நிறம் வெயிலைக் குடித்துக் கண்ணாடியைச் சூடாக்கும். பிறகு உள்ளே போய் ஒரு மூலையிலிருந்து உரித்தால் ஃபிலிம் பசையோடு வரும். கோடுகள் ஓடும் திசையிலேயே, அதாவது இடமிருந்து வலமாகவே உரிக்க வேண்டும்.

இந்த ஃபிலிம் விவகாரமே வேண்டாத வேலை. கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27-ல் தடை செய்தது. அதற்குப் பிறகு அவசர அவசரமாக உரித்தெடுத்ததில் நாடு முழுக்க எத்தனை பின்கண்ணாடிகளின் கோடுகள் போயினவோ!

அலமாரியில் இருப்பதே போதும்

மீதமுள்ள பசைக்கு எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் சரி. பஞ்சில் நனைத்துப் பசைமேல் ஒற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். பலரும் தடவிய உடனே தேய்க்கிறார்கள். எண்ணெய் உள்ளே இறங்க நேரம் கொடுத்தால் தேய்க்கவே வேண்டியிருக்காது, கார்டால் வழித்தாலே சுருண்டு வரும்.

எண்ணெய்க்கு மசியாத பழைய பசைக்கு நீலகிரித் தைலம் கெட்டிக்காரன். யூகலிப்டஸ் இலையிலிருந்து வடிக்கும் இந்தத் தைலம் பசையைக் கரைப்பதில் தேங்காய் எண்ணெயைவிட வேகமானது. ஊட்டி, குன்னூர் சாலையோரக் கடைகளில் வாங்கிவந்து ஜலதோஷத்துக்காக வைத்திருக்கும் அதே பாட்டில்தான். டேஷ்போர்டு, கதவின் பிளாஸ்டிக் பகுதிகள், பெயின்ட் இவற்றின்மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. தைலம் வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் மூலையில் கிடந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆல்கஹால் அக்ரிலிக் பசையை இளக்கும். ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். பஞ்சை நனைத்து, மேலே ஒரு பாலிதீன் துண்டால் மூடி வைத்தால் நின்று வேலை செய்யும். இப்படி ஆவியாகும் பொருள் எதுவானாலும் நிழலில்தான் பயன்படுத்த வேண்டும். உரிப்பதற்கு வெயில், கரைப்பதற்கு நிழல். டபிள்யூ.டி.-40 வைத்திருப்பவர்கள் அதையும் துணியில் தெளித்துத் துடைக்கலாம்.

நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பசையைச் சட்டென்று எடுக்கும், கண்ணாடிக்கும் கெடுதல் இல்லை. சிக்கல் அதைச் சுற்றி இருப்பவற்றுக்குத்தான். ஒரு சொட்டு டேஷ்போர்டில் விழுந்தால் அங்கே வெள்ளையாகத் தழும்பு. பெயின்டில் விழுந்தால் பெயின்ட் போகும். கை நடுங்காதவர்கள், வெளிப்புறக் கண்ணாடியில் மட்டும், பஞ்சு முனையில் தொட்டுப் பயன்படுத்தலாம்.

பெட்ரோல், தின்னர் இரண்டையும் யோசிக்கவே கூடாது. காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பெட்ரோல் துணியால் துடைப்பது நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருவதற்குச் சமம். அந்த ஆவி தலைசுற்றலையும் கொடுக்கும். பற்பசை, சமையல் சோடா என்று செல்போன் வீடியோக்களில் காட்டுகிறார்களே என்றால், அவை பசையைக் கரைப்பதைவிட அரம்போல் உரசுவதுதான் அதிகம். கண்ணாடிக்கு அது தேவையில்லை.

பிளேடுக்கு இடமே இல்லையா? உண்டு. பக்கவாட்டு, முன்கண்ணாடிகளில், அதுவும் பிடி வைத்த ஸ்க்ரேப்பரில் புது பிளேடு மாட்டி, கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்துக்கொண்டு, சாய்வாகப் பிடித்து, ஒரே திசையில் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. பின்னிழுக்கும்போதுதான் பிளேடின் அடியில் மாட்டிய துகள் கோடு போடும். கையில் வெறும் பிளேடைப் பிடித்துச் செய்வதற்குக் கண்ணாடி தப்பினாலும் விரல் தப்பாது.

எண்ணெய் வேலை முடிந்ததும் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். முன்கண்ணாடியில் அது ஆபத்து. பகலில் தெரியாத எண்ணெய்ப் படலம், இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் பட்டவுடன் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பரவும். மழையில் வைப்பர் போட்டால் அதை இழுத்து இழுத்துப் பூசும். அதனால் வேலை தொடங்கும் முன்பே வைப்பர்களைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும். முடிந்தபின் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுக் கழுவி, சுத்தத் துணியால் துடைத்து, கடைசியாக ஒருமுறை வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சுப்பட்ட இடம் ஒரே சீராக மங்கினால் சுத்தம். திட்டுத் திட்டாக மங்கினால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

ஃபாஸ்டேக்: உரிக்கும் முன் ஒரு போன்

பழைய கார் வாங்கியவர்கள் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் ஜோரில் ஃபாஸ்டேக்கையும் உரித்துவிடுகிறார்கள். அதை உரித்து வேறு இடத்தில் ஒட்ட முடியாது. உள்ளே இருக்கும் சிப்பும் மெல்லிய ஆன்டெனாவும் உரிக்கும்போதே கிழிந்து செயலிழக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து சுங்கச்சாவடிகளின் எல்லா வரிசைகளும் ஃபாஸ்டேக் வரிசைகளாகிவிட்டன. அது இல்லாமல் போனால் செலவு கூடும்.

பழைய உரிமையாளரின் டேக் என்றால், அவரை விட்டே வங்கியில் சொல்லி அந்தக் கணக்கை மூடச் சொல்ல வேண்டும். பிறகு புது உரிமையாளர் பெயரில் புது டேக். இரண்டையும் கண்ணாடியில் வைத்திருப்பது வம்பு. ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்பதுதான் விதி. உரித்த இடத்தில் பசை மிச்சமிருக்கும்போதே புதியதை ஒட்டினால் சரியாகப் படியாது. பசையை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, உலர்ந்தபின் ஒட்ட வேண்டும். புதிய கார்களில் ரியர்வியூ மிரருக்குப் பின்னால் மழை சென்சாரோ கேமராவோ இருக்கலாம். அங்கே எதையும் நேரடியாகத் தெளிக்காமல் துணியில் நனைத்தே துடைக்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்குப் பசையால் வேறு ஒரு தர்மசங்கடமும் உண்டு. தனியார் வாகனங்களில் 'பிரஸ்', 'போலீஸ்', 'வழக்கறிஞர்' என்றெல்லாம் அனுமதியில்லாமல் ஒட்டுவதற்கு எதிராக 2024 மே 2 முதல் போக்குவரத்துப் போலீஸார் நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். முதல் முறை 500 ரூபாய் அபராதம். பலர் அவசரமாக ஸ்டிக்கரை உரித்தார்கள். எழுத்து போனது, எழுத்தின் வடிவத்தில் பசை நின்றது. அதில் தூசு படிந்ததும் பழைய எழுத்தே கறுப்பில் படிக்கும்படி மீண்டும் வந்துவிட்டது!

மறுபடி குன்னூருக்கு

அறுந்த கோடுகளுக்கு வைத்தியம் இருக்கிறது. வெள்ளித் துகள் கலந்த, மின்சாரம் கடத்தும் பெயின்ட் சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. கோட்டின் மேலும் கீழும் டேப் ஒட்டி, நடுவில் உள்ள மெல்லிய சந்தில் அந்த பெயின்ட்டைத் தடவி, டேப்பை எடுத்துவிட்டு ஒரு நாள் காயவிட வேண்டும். நூலளவு இடைவெளி என்றால் நன்றாக இணையும். விரல் நீளத்துக்குச் சுரண்டியிருந்தால் நிற்காது. எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டரால் கோடு கோடாகத் தொட்டுப் பார்த்துச் சின்னப் புள்ளி வைத்தார்.

"ரெண்டு கோடு வந்துரும் சார். இந்த நடுக்கோட்ட ரொம்பச் சுரண்டிட்டீங்க. கண்ணாடிய மாத்தினாத்தான் ஆகும்."

கண்ணாடி மாற்றும் விலையைக் கேட்ட வீட்டுக்காரர், நடுக்கோடு இல்லாமலே வாழ்ந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தார். இப்போது பனி நாளில் பின்கண்ணாடியின் நடுவே ஒல்லியான ஒரு பட்டை மட்டும் கடைசியில் தெளிகிறது. மனைவி அதுவரை ரிவர்ஸ் கியரைத் தொடுவதில்லை. மகள் இறங்கிப் பின்னால் நின்று பார்த்தபிறகுதான் வண்டி நகரும்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் இருந்த பள்ளிக்கூட ஸ்டிக்கரின் பசையைத் தொட வீட்டுக்காரருக்கு அதன்பிறகு கை வரவில்லை. அவருடைய அம்மாதான் ஒரு நாள் வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தைலப் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டார்.

"ஏன்டா, தைலம் அலமாரியிலதானே இருக்கு? பிளேட எடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

பத்து நிமிடம் ஊறவைத்து, மருமகள் கொடுத்த பழைய ரேஷன் கடைப் பையால் துடைத்தார். வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குக் கார் முழுக்க ஜலதோஷம் பிடித்த வீட்டின் வாசனை.